டெங்கு வார்டில் டிடிபி: பயிற்சி மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் சீனியர் ரெசிடென்டாக இருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் காய்ச்சல் வார்டில் கட்டிலுக்கு அடியிலும் பாய் விரித்திருப்பார்கள். கேஸ் ஷீட்டில் பாதிக்கு மேல் 'பிளேட்லெட் குறைவு' என்றுதான் இருக்கும். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணு. அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது ஒரு டிடிபி வந்து படுத்திருக்கும். மிகச் சிறிய ரத்தக் குழாய்களை ரத்தக்கட்டி அடைக்கும் நோய் அது; பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3 பேருக்கு வரும். ஒவ்வொரு முறை அப்படி வந்த பிறகும் ஹவுஸ் சர்ஜன்களும் முதலாண்டு மேற்படிப்பு (பிஜி) மாணவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நோயாளியின் வீட்டார் கேட்பதும் ஏறக்குறைய அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தளவை மட்டும் உங்கள் யூனிட் சீஃபிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்கா, டிடிபியும் ஐடிபியும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் பிளேட்லெட் கம்மிதானே?

இல்லை. முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம் இதுதான். ஐடிபியில் (இம்யூன் திராம்போசைட்டோபினியா) உடம்பின் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி பிளேட்லெட்டின் மீதே ஒட்டுகிறது. மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கிறது. பிளேட்லெட் மட்டும்தான் குறையும். ரத்தம் கசிந்து போயிருந்தால் தவிர ஹீமோகுளோபின் அப்படியே இருக்கும்.

டிடிபியின் முழுப்பெயர் திராம்பாட்டிக் திராம்போசைட்டோபினிக் பர்ப்யூரா. இதில் பிளேட்லெட்டும் சிவப்பணுவும் சேர்ந்து குறையும். மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் ரத்தக்கட்டி உண்டாகும். 1924-ல் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் நியூயார்க்கில் இறந்த 16 வயதுப் பெண்ணின் உடலை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கட்டிகளை முதன்முதலில் விவரித்தார். சிகிச்சை தராவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள்.

பிளேட்லெட் கம்மின்னா ரத்தம் கசியணும். இதுல எப்படி அடைச்சுக்குது?

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை பனியன் கம்பெனியை வைத்தே சொல்வேன். தைத்து வரும் துணியில் நூல் நீளநீளமாகத் தொங்கும். அதை உடனுக்குடன் வெட்டிவிடப் பிசிறு வெட்டுபவர்கள் இருப்பார்கள். ரத்தக் குழாயின் உட்சுவரும் அப்படித்தான். வான் வில்லிபிராண்ட் ஃபாக்டர் என்ற புரதத்தை மிக நீளமான இழைகளாக வெளியே விடும். அதை அளவாக வெட்டும் கத்திரிக்கோல்தான் ஆடம்ட்ஸ்-13 என்ற என்சைம். வாய்ப்பேச்சில் ஆடம்ஸ் தேர்ட்டீன். டிடிபியில் உடம்பு இந்தக் கத்திரிக்கோலுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்துவிடுகிறது.

இழை வெட்டப்படாமல் சின்னக் குழாய்களில் தொங்கும். போகிற வருகிற பிளேட்லெட் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கவுன்ட், அதாவது பிளேட்லெட் எண்ணிக்கை, குறைந்தது உற்பத்தி நின்றதால் அல்ல, எல்லாம் கட்டியில் செலவாகிவிட்டதால். அந்த இடுக்கு வழியாக நுழையும் சிவப்பணு கிழிந்து துண்டாகும். கவுன்ட் குறைவு, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூளைக் குழப்பம் எல்லாமே இந்த ஒரே கோளாறிலிருந்து வருபவை. இழைகள் அளவுக்கு மீறி நீண்டிருப்பதை 1982-ல் கண்டார்கள். என்சைமைத் தடுக்கும் ஆன்டிபாடி 1998-ல் தெரியவந்தது. என்சைமுக்கு இந்தப் பெயர் கிடைத்தது 2001-ல். நீங்கள் பிறந்த காலத்தை ஒட்டித்தான் இந்த நோயின் காரணமே புரிந்திருக்கிறது.

ஆட்டோஇம்யூன் நோய்ங்கறீங்க, கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருக்கேங்க்கா?

நெகட்டிவாகத்தான் வர வேண்டும். கூம்ப்ஸ் டெஸ்ட் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. இங்கே ஆன்டிபாடி இருப்பது கத்திரிக்கோலின் மேல். சிவப்பணு எதிலும் சம்பந்தப்படாமல், போகிற வழியில் அடிபட்டது. பிளேட்லெட் குறைவும் சிவப்பணுச் சிதைவும் சேர்ந்து இருந்து, கூம்ப்ஸ் பாசிட்டிவாகவும் வந்தால், இரண்டு அணுக்களுக்கும் எதிராக ஆன்டிபாடி உண்டாகும் ஈவன்ஸ் சின்ட்ரோமை யோசியுங்கள்.

நூறு டெங்கு கேஸுக்கு நடுவுல இத எப்படிங்க்கா கண்டுபிடிக்கிறது?

நான் தவறவிட்ட ஒரு கேஸைச் சொல்கிறேன். மேற்படிப்பின் முதல் வருஷம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் முப்பது வயதுச் சொச்சம் ஆன பெண், நாலு நாள் காய்ச்சலோடு இரவில் வந்தார். பிளேட்லெட் 18,000, ஹீமோகுளோபின் 7, டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். "நேத்து ராத்திரி கொஞ்ச நேரம் பேச்சு கொழறுச்சுங்க, அப்பறம் தானாச் சரியாயிருச்சுங்க" என்றார் கணவர். காய்ச்சல் வேகத்தில் உளறியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். நம் பெண்களுக்கு 7 கிராம் ஹீமோகுளோபின் புதிதா, மாதவிலக்கு அதிகம் இருக்கும் என்று அதையும் தள்ளினேன். டெங்குவாக இருக்கலாம் என்று எழுதி, பிளேட்லெட் பைகளை ஏற்றச் சொன்னேன். காலையில் கவுன்ட் ஏறவில்லை. அவருக்குத் தன் பிள்ளையின் பெயர் சொல்லத் தெரியவில்லை. பத்து மணிக்கு நோயியல் துறையிலிருந்து ஒரு மேடம் போன் செய்து, "இந்த ஸ்மியரை வந்து பாரும்மா" என்றார். ஸ்மியர் என்பது கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்தத் துளி. அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் அந்தப் பத்து மணி நேரம் என்னால் போனது.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஹீமோகுளோபின் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான். டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் பிளாஸ்மா குழாய்க்கு வெளியே கசிவதால் ரத்தம் கெட்டியாகி பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறும். டிடிபியில் சிவப்பணு உடைவதால் பிசிவி இறங்கும். பிளேட்லெட் விழும்போது பிசிவியும் கூடவே விழுந்து, எங்கும் ரத்தக்கசிவு தெரியவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். சிவப்பணு உடைவதைக் காட்டும் எல்டிஹெச், இன்டைரக்ட் பிலிருபின், புதுச் சிவப்பணுவை எண்ணும் ரெட்டிக் கவுன்ட், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆர், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் அனுப்புங்கள். டிடிபியில் முதல் மூன்றும் ஏறியிருக்கும். பிடியும், அதே போல் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏபிடிடியும் பெரும்பாலும் நார்மலாக இருக்கும். அவையும் நீண்டிருந்தால் செப்சிஸால் (கடுமையான தொற்றால்) உடம்பெங்கும் ரத்தம் உறையும் டிஐசி பக்கம் யோசிக்க வேண்டும். ஈசிஜியும் டிரோபோனினும் மறக்காதீர்கள். இதயத்தின் நுண்குழாய்கள் அடைபட்டாலும் நெஞ்சுவலி இல்லாமலே இருக்கலாம்.

வந்து வந்து போகும் நரம்புக் குறியையும் சும்மா விடாதீர்கள். அரை மணி நேரம் பேச்சு குழறியது, ஒரு கை மரத்துப்போய்ச் சரியானது, யாரென்று தெரியாமல் பார்த்தார் என்று வீட்டார் சொன்னால், சொன்னபடியே நேரத்தோடு எழுதுங்கள்.

ஸ்மியர்ல எதைத் தேடணும்?

ஹெல்மெட் மாதிரி, முக்கோணம் மாதிரி, கொம்பு வைத்த மாதிரி உடைந்த சிவப்பணுக்கள். இவைதான் ஸ்கிஸ்டோசைட். நூறு சிவப்பணுவுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும். முதல் ஓரிரு நாளில் தெரியாமலும் போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் மறுநாள் மறுபடி ஸ்மியர் போடுங்கள்.

பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாகக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடி ட்யூபில் ஒட்டிக்கொண்டு மெஷினை ஏமாற்றும் பொய்க்குறைவு அது. ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு துளி ரத்தமும் போதும், தாலுகா ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். ஆனாலும் செல் கவுன்ட்டர் மெஷின் எண்ணைக் கொடுத்துவிட்டால் கண்ணாடியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான்: பிளேட்லெட் பைக்குச் சீட்டு எழுதும் முன் ஸ்மியரைப் பாருங்கள்.

பென்டாட் அஞ்சும் இருந்தாத்தானே டிடிபி?

காய்ச்சல், ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு, நரம்புக் குறி, சிறுநீரகக் கோளாறு என்ற ஐந்தையும் தேர்வில் எழுதுங்கள், மார்க் கிடைக்கும். வார்டில் ஐந்தும் சேர்வதற்காகக் காத்திருந்தால் ஆளை இழந்துவிடுவோம். பத்தில் ஒருவருக்குக்கூட ஐந்தும் சேர்ந்து வருவதில்லை. வேறு காரணம் தெரியாத பிளேட்லெட் குறைவும், துண்டுபட்ட சிவப்பணுவும் போதும், வேலையைத் தொடங்க.

டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ் வந்திருச்சு. அப்ப டிடிபி இல்லைன்னு விட்டுடலாமா?

விட முடியாது. ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி ஒருமுறை வந்தால் இரண்டு மூன்று மாதம் வரை ரத்தத்தில் தங்கும். போன மாதக் காய்ச்சலுடையதாகக்கூட இருக்கலாம். நிஜமாகவே டெங்குவாக இருந்தாலும், தொற்றே டிடிபியைக் கிளப்பிவிடுவது உண்டு. டெங்குவுக்குப் பின் டிடிபி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. டெங்குவில் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாளில் கவுன்ட் தானே ஏறத் தொடங்கும். ஏழெட்டு நாளாகியும் ஏறாமல், பிசிவியும் இறங்குகிறது என்றால் டெங்கு என்ற சீட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து யோசியுங்கள்.

பிளாஸ்மிக் ஸ்கோர் நம்ம ஊருக்குப் பொருந்துமா?

டிடிபிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மார்க் போட்டுப் பார்க்கும் கணக்கு அது. பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்: பிளேட்லெட் 30,000-க்குக் கீழா, சிவப்பணுச் சிதைவுக்கு ஆதாரம் உண்டா, புற்றுநோய் இல்லையா, உறுப்பு அல்லது ஸ்டெம்செல் மாற்று நடக்கவில்லையா, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 90-க்குக் கீழா, ஐஎன்ஆர் 1.5-க்குக் கீழா, கிரியாட்டினின் 2-க்குக் கீழா. 6, 7 வந்தால் டிடிபிக்கு வாய்ப்பு அதிகம், 5 நடுத்தரம், 4-ம் அதற்குக் கீழும் குறைவு.

எச்சரிக்கை எம்சிவி விஷயத்தில். பி12 குறைபாட்டிலும் சிவப்பணு துண்டாகும், எல்டிஹெச் ஆயிரக்கணக்கில் போகும், பிளேட்லெட்டும் குறையும். எம்சிவி 100-க்கு மேல் இருக்குமே, பிரித்துவிடலாம் என்பதுதான் ஸ்கோரின் கணக்கு. ஆனால் பி12-ம் இரும்புச்சத்தும் சேர்ந்தே குறைந்தவர்கள் நம் பக்கம் நிறைய. இரண்டும் குறைந்தால் எம்சிவி நடுவில் வந்து நின்றுகொள்ளும். அப்போது ரெட்டிக் கவுன்ட்தான் கை கொடுக்கும்: டிடிபியில் ஏறியிருக்கும், பி12 குறைவில் ஏறாது. பி12 அளவுக்கும் ரத்தம் அனுப்பிவிடுங்கள்.

ஆடம்ட்ஸ் டெஸ்ட்டுக்கு எந்த ட்யூப்? ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பிச்சா போதுமா?

நீல மூடி சிட்ரேட் ட்யூப். ஊதா மூடியில் எடுத்தால் வீண். இந்த என்சைம் வேலை செய்யத் துத்தநாகமும் கால்சியமும் வேண்டும். இடிடிஏ அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் யாருக்கு எடுத்தாலும் என்சைம் இல்லை என்றே வரும். எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஃப்ரீசரில் உறைய வைத்து அனுப்ப வேண்டும்.

ட்யூபைவிட முக்கியம் நேரம். ஒரு பை பிளாஸ்மா ஏறிவிட்டாலும் தானம் கொடுத்தவரின் என்சைம் கலந்துவிடும், அளவு பொய்யாகும். எனவே பிளாஸ்மா ஏற்றும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. வெளியூர் லேபிலிருந்து வர நாட்கள் ஆகும். சந்தேகம் வலுவாக இருந்தால் ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்குங்கள். பிறகு 10 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தால் உறுதி.

கவுன்ட் 9,000. பிளேட்லெட் போடாம எப்படி இருக்கறதுங்க்கா? கழுத்துல லைன் வேற போடணுமே?

வெட்டாத இழைகள் குழாய்க்குள் காத்திருக்கின்றன. நாம் ஏற்றும் பிளேட்லெட்டும் அதில்தான் போய் ஒட்டும். அதனால் வழக்கமாக ஏற்றுவதில்லை. மூளையிலோ குடலிலோ உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தால் மட்டும், சீஃபிடம் பேசிவிட்டு ஏற்றலாம். லைன் (பிளாஸ்மா மாற்றுவதற்கான குழாய்) போடுவதற்காகவும் தேவையில்லை. அனுபவமுள்ள ஒருவர், அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஒரே குத்தில் போட வேண்டும். நடு இரவில் தனியாக நீங்கள் முயல வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

கவுன்ட் 50,000 தாண்டியதும் ரத்தக்கட்டி வராமல் தடுக்க ஹெப்பாரின் ஊசி தொடங்கச் சொல்வார்கள். இழைக் கதையை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்னா டயாலிசிஸ் மாதிரியா? எத்தனை பை கேக்கணும்?

மெஷின் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் இது கழிவை வடிகட்டுவதில்லை. நோயாளியின் பிளாஸ்மாவை ஆன்டிபாடியோடு வெளியே எடுத்துவிட்டு, தானமாக வந்த பிளாஸ்மாவை உள்ளே விடுகிறது. கெட்டது போகும், கூடவே புதுக் கத்திரிக்கோலும் வரும். அதனால் டிடிபியில் ஈடுக்கு அல்புமின் மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். 1991-ல் வெளிவந்த கனடா ஆய்வில் 102 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு மாத முடிவில் பிளாஸ்மா மாற்றியவர்களில் 78 சதவீதமும், பிளாஸ்மா ஏற்ற மட்டும் செய்தவர்களில் 63 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள்.

கணக்கு இப்படி: 0.065-ஐ எடையால் பெருக்கி, அதை ஒன்றில் பிசிவி போக மீதியால் பெருக்குங்கள். 60 கிலோ, பிசிவி 24 என்றால் 0.065 × 60 × 0.76, ஏறக்குறைய 3 லிட்டர். ஒரு பை 200 மில்லி என்றால் 15 பை, ஒரு நாளைக்கு. அதில் ஒன்றரை மடங்கும் கேட்கலாம். ஐந்து நாள் என்றால் 75 பை. முதல் நாளே ரத்த வங்கி அதிகாரியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் சீட்டு மட்டும் அனுப்பாதீர்கள். பிளாஸ்மாவின் பொருத்தம் சிவப்பணுவுக்குத் தலைகீழ் என்பதும் நினைவிருக்கட்டும்: ஏபி பிரிவுப் பிளாஸ்மா எல்லோருக்கும் சேரும்; ஓ பிரிவு நோயாளி யாருடைய பிளாஸ்மாவையும் ஏற்பார். நடுவில் உதடு மரத்து விரல் சுண்டினால் சிட்ரேட் கால்சியத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். கால்சியம் குளுக்கோனேட் கையில் இருக்கட்டும்.

எங்க ஆஸ்பத்திரியில மெஷினே இல்லையேங்க? அது வரைக்கும் என்ன செய்யறது?

தாராபுரம், அந்தியூர், பவானி பக்கம் பணிக்குப் போனவர்கள் எல்லோரும் கேட்டது இது. நீல ட்யூபில் ரத்தம் எடுத்து வையுங்கள். சீனியரிடம் போனில் பேசி ஸ்டீராய்டு தொடங்குங்கள். பொதுவாகப் பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அல்லது அதற்கு ஈடான ஊசி. மெஷின் கிடைக்கும் வரை பிளாஸ்மா ஏற்றலாம், ஆனால் நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே இருங்கள். மேலே சொன்ன கனடா ஆய்வுப்படி இது இடைக்கால ஏற்பாடுதான். உடனே அனுப்புங்கள். அனுப்பும் முன் போய்ச் சேரும் இடத்தில் மெஷினும் ஆளும் அன்று இருக்கிறதா என்று நீங்களே பேசி உறுதி செய்யுங்கள். அங்கே போய் இன்னோர் இடத்துக்குத் திருப்பி விடப்பட்டால் அந்த மணிநேரங்களை யாராலும் ஈடுகட்ட முடியாது.

ஏனுங்க டாக்டரம்மா, பப்பாளி எலைச் சாறு குடுத்தா தட்டு ஏறிக்குமுங்களா?

கட்டிலருகே நிற்கும் அம்மாவோ மாமியாரோ கேட்கும் கேள்வி. அதட்டாதீர்கள், தூக்கமில்லாமல் நிற்கிறார்கள். "ஆத்தா, இவங்களுக்குத் தட்டு ஊறாம இல்லீங்க. ஊறுறதெல்லாம் குழாய்ல அடைச்சுக்குது. அடைப்பை எடுக்கற வைத்தியம்தான் பண்றோம்" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நினைவு தடுமாறும் நோயாளிக்கு வாய்வழி எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு, ரத்தம் தர நாலு பேரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர்கள் சாயங்காலத்துக்குள் இருபது பேரோடு வந்து நிற்பார்கள்.

கரும்புக் காட்டுல பாம்பு கடிச்சவருக்கும் ஸ்மியர்ல துண்டு துண்டா இருக்கே?

நல்ல கேள்வி. கண்ணாடி விரியன் கடியிலும் நுண்குழாய்கள் அடைபட்டுச் சிவப்பணு உடையும். ஆனால் அங்கே இருபது நிமிடச் சோதனையில் ரத்தம் உறைவதில்லை, சிறுநீரகம் பலமாக அடிபடுகிறது, ஆடம்ட்ஸ்-13 இந்த அளவுக்குக் குறைவதில்லை. விஷமுறிவு மருந்தும் தேவைப்பட்டால் டயாலிசிஸும்தான் சிகிச்சை. பிளாஸ்மா எக்ஸ்சேஞ்சால் பலன் என்று நிரூபணமாகவில்லை. கடுமையான ரத்த அழுத்தத்திலும், சிவப்பணு உடைந்து, கல்லீரல் பாதித்து, பிளேட்லெட்டும் குறையும் கர்ப்பகால ஹெல்ப் சின்ட்ரோமிலும் இதே துண்டுகள் வரும். ஹெல்ப் என்றால் பிரசவமாகி மூன்று நாளில் கவுன்ட் திரும்பத் தொடங்கும். திரும்பவில்லை என்றால் டிடிபிக்கு ரத்தம் அனுப்புங்கள்.

எங்க புள்ளைகளுக்கும் இது வருமுங்களா? ஒட்டிக்குமுங்களா?

ஒட்டாது. ஆன்டிபாடியால் வரும் வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. கத்திரிக்கோலைச் செய்யும் மரபணுவிலேயே குறையுள்ள அப்ஷா-ஷுல்மன் சின்ட்ரோம் என்ற பிறவி வகை ஒன்று உண்டு, மிக அரிது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் அது வரும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நடந்த வீட்டில், சின்ன வயதிலோ முதல் கர்ப்பத்திலோ டிடிபி வந்து, ஆன்டிபாடி இல்லாமல் என்சைம் மட்டும் இல்லையென்றால் இதை யோசியுங்கள். இதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை, பிளாஸ்மா ஏற்றினாலே போதும்.

கவுன்ட் ஒன்றரை லட்சம் ஆயிருச்சு. குணமாயிருச்சுன்னு சொல்லிடலாமா?

கவுன்ட் 1.5 லட்சத்துக்கு மேல் இரண்டு நாளாவது நிலைத்தால்தான் எக்ஸ்சேஞ்சை நிறுத்துவோம். ஆன்டிபாடி உற்பத்தியை அடக்கும் ரிட்டக்ஸிமாப் கொடுப்பதாக இருந்தால் அன்றைய எக்ஸ்சேஞ்ச் முடிந்த கையோடு கொடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் மருந்தையும் எடுத்துவிடும். ஹெபடைடிஸ் பி பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இழையில் பிளேட்லெட் ஒட்டுவதையே தடுக்கும் கேப்லாசிஸுமாப் என்ற மருந்துக்கு 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. விலையால் நம் வார்டு நோயாளிகளுக்கு அது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

திரும்ப வரும் நோய் இது. மூன்றில் ஒருவருக்காவது வரும். அதனால் நலமாக இருக்கும்போதும் என்சைம் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், குறி எதுவும் தெரியும் முன்பே ரிட்டக்ஸிமாப் தரலாம்.

டிஸ்சார்ஜ் பண்றப்போ என்ன எழுதிக் குடுக்கணும்?

நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி மடித்துக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள்: "இவருக்கு டிடிபி நோய் உண்டு. காய்ச்சல், பேச்சுக் குழறல், புது ரத்தப்புள்ளி, சிறுநீர் கறுப்பாகப் போதல் எது வந்தாலும் அன்றே ரத்த அணு எண்ணிக்கையும் ஸ்மியரும் பார்க்கவும். கேட்காமல் பிளேட்லெட் ஏற்ற வேண்டாம்." கீழே யூனிட்டின் போன் எண். கர்ப்பம் தரிக்க நினைத்தால் முன்பே வந்து பேச வேண்டும் என்பதையும் சேருங்கள். நான் முன்பு சொன்ன அந்தப் பெண் அந்தப் பக்கத்தைக் கண்ணாடித் தாள் ஒட்டி வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து ஒரு காய்ச்சலுக்குப் போன இடத்தில், பணியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் அதைப் படித்துவிட்டு முதலில் ஸ்மியரைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் போன் செய்தார்.